கரும்பும் கருங்காலியும்: மொரீசியஸ் தீவில் ஒரு வாரம்

கடல் கடந்து உலாப் போதல் இந்நாளில் அரிய செயலன்று. ஒரு வார விடுப்பும், ஓரளவு சேமிப்பும், முன்னே நடந்து வழிகாட்ட ஒருவரும் வாய்த்துவிட்டால் மூட்டை கட்டிவிடுகிறோம். நம் காலனியின் தமிழ்க் குடும்பங்கள் சிலவும் அவ்வண்ணமே கூடிப் புறப்பட்டு மொரீசியஸ் தீவைக் கண்டு மீண்டோம். அத்தீவின் வெண்மணற் கடற்கரைகளைப் பற்றியும், சாமரெல் என்னும் ஊரின் பன்னிற மண்மேட்டைப் பற்றியும் பயண ஏற்பாட்டாளர்கள் வண்ணத் தாள்களில் வேண்டுமளவு எழுதிவிட்டார்கள். அவற்றை இங்கே விரித்தல் மிகை.

நம் கையில் தரப்பட்ட நிகழ்ச்சிநிரலில் காட்டுயிர்களுக்கு மூன்று நாளும் பழஞ்சின்னங்களுக்கு மூன்று நாளும் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒழுங்கான பங்கீடுதான். ஆயினும் அது பொருந்தாப் பங்கீடு என்பது இரண்டாம் நாளே நமக்குப் புலனாயிற்று. அத்தீவில் பறவையின் வரலாறு வேறு, மனிதரின் வரலாறு வேறு என்று பிரிக்க இயலாது. இரண்டும் ஒரே கணக்கேட்டில் எழுதப்பட்ட பற்றும் வரவும் ஆகும். அவ்வேட்டில் தமிழரின் கைநாட்டும் உண்டு. அதனை நம் குடும்பத்தாரும், குறிப்பாக இங்கேயே பிறந்து வளரும் பிள்ளைகளும் அறிதல் நன்று என்று கருதியே இதனை எழுதலானோம்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 900 கிலோமீட்டர் தொலைவில், எரிமலைக் குழம்பு உறைந்து எழுந்த நிலம் மொரீசியஸ். பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடச் சற்றே பெரியது. சுற்றிலும் பவளப்பாறை வேலி. உலகின் பிற தீவுகள் பலவற்றுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேற்றுமை ஒன்று உண்டு. இங்கே பழங்குடி என்று சொல்லிக்கொள்ள எவரும் இலர். அராபியரும் போர்த்துக்கேசியரும் இதனை அறிந்திருந்தும் குடியேறவில்லை. 1598-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் வந்திறங்கித் தம் இளவரசர் மோரிசின் பெயரை இதற்குச் சூட்டினர். 1638-இல்தான் குடியேற்றம் அமைத்தனர். ஆகவே இன்று அத்தீவில் வாழும் ஒவ்வொருவரும் கப்பலில் வந்த ஒருவரின் வழித்தோன்றலே. கப்பலில் வராதவை மரமும் பறவையும் ஆமையும் பல்லியும் வௌவாலுமே. அவைதாம் அம்மண்ணின் மைந்தர்.

அம்மைந்தருள் தலைமகன் டோடோ. பறக்கும் வழக்கத்தை மறந்து, வான்கோழியினும் பருத்து, பகை என்பதையே அறியாது காட்டில் உலவிய பறவை அது. டச்சு மாலுமிகள் அடித்துத் தின்றதால் அழிந்தது என்று பள்ளிப் புத்தகங்கள் கூறும். அது பாதி உண்மை. கப்பல்களிலிருந்து இறங்கிய எலியும் பன்றியும் குரங்கும் தரையிலிட்ட அதன் முட்டையைத் தின்று தீர்த்தன. காடும் குறையத் தொடங்கியது. 1662-ஆம் ஆண்டில் கரையருகே ஒரு குறுந்தீவில் டோடோவைக் கண்டதாக ஒருவர் எழுதிய குறிப்பையே இறுதிச் சாட்சியாகப் பலரும் கொள்கின்றனர். கால் வைத்த நாள் முதல் கண்ணுக்கு மறைந்த நாள் வரை அறுபத்துநான்கே ஆண்டுகள்.

இப்பறவைக்கும் இந்தியாவுக்கும் உள்ள தொடர்பு நம்மவர் பலர் அறியாதது. நாம் இன்று குடியிருக்கும் இம்மேற்குக் கரையிலேயே, சூரத்து நகரில், இரண்டு டோடோக்களை உயிருடன் கண்டதாகப் பீட்டர் மண்டி என்னும் ஆங்கிலப் பயணி பதினேழாம் நூற்றாண்டில் எழுதியுள்ளார். ஜஹாங்கீரின் அவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் தீட்டியதாகக் கருதப்படும் டோடோ ஓவியமொன்று இன்று உருசிய நாட்டில் உள்ளது. அப்பறவையின் நிறத்தை அறிய அறிஞர் நாடுவது அதனையே. மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வின்படி, உயிரோடுள்ள பறவைகளுள் டோடோவுக்கு நெருங்கிய உறவு நிக்கோபார்ப் புறா. இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று குறிக்கும் அதே நிக்கோபார்தான்! டோடோவின் பங்காளி நம் நாட்டு எல்லைக்குள் இன்றும் பறந்துகொண்டிருக்கிறது.

தீவின் தென்கிழக்கில், விமான நிலையத்துக்கு வெகு அருகே, மார் ஓ சோன்ஜ் என்றொரு சதுப்பு உள்ளது. சேம்பங்குட்டை என்று தமிழில் சொல்லலாம். பயணிகளில் பலர் அதன் பக்கமாகவே வந்திறங்கிக் கண் திருப்பாமல் விடுதிக்குப் போய்விடுகிறார்கள். டோடோ என்பது மாலுமிகளின் கட்டுக்கதையோ என்று ஐரோப்பியர் சிலர் ஐயுற்ற காலம் ஒன்று இருந்தது. 1865-இல், தீவில் இருப்புப்பாதை போடும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, அச்சதுப்பில் எருமண் வெட்டிய கூலியாட்களின் மண்வெட்டியில் எலும்புகள் தட்டுப்பட்டன. அதனைக் கேள்வியுற்ற மாஎபூர்ப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் கிளார்க் கூலிகள் சிலரைச் சதுப்பின் நடுப்பகுதிக்குள் இறக்கினார். மூன்றடி நீர். கீழே சேறு. அவர்கள் வெறுங்காலால் சேற்றைத் துழாவித் துழாவி டோடோவின் கால் எலும்பைக் கண்டெடுத்தனர். அதன் பின் எலும்புகள் குவிந்தன. இலண்டனில் ரிச்சர்டு ஓவன் அவற்றை ஆராய்ந்து எழுதினார். டோடோ உலகப் புகழ் பெற்றது. அந்நாளில் அத்தீவில் கூலி என்றால் பெரும்பாலும் இந்தியரே. கிளார்க்கின் குறிப்பில் அவர்களுக்குப் பெயர் இல்லை. எந்த ஊர்க் கால்களோ அவை! வயலில் நாற்றுப் பறித்துப் பழகிய கால்களாக இருந்திருக்கலாம் என்று எண்ணுவதை நம்மால் தவிர்க்க முடியவில்லை.

அக்கால்கள் அங்கே எவ்வாறு போயின என்பதைச் சொல்லக் கரும்பின் கதையைச் சொல்ல வேண்டும்.

கரும்பை முதலில் கொண்டுவந்தவர் டச்சுக்காரர். சாவகத்திலிருந்து மானையும் கொண்டுவந்தனர். வைரம் பாய்ந்த கருங்காலி மரங்களை வெட்டி ஏற்றுமதி செய்தனர். புயலும் எலியும் பொறுக்காமல் 1710-இல் தீவையே கைவிட்டுப் போயினர். அடுத்து வந்த பிரெஞ்சுக்காரர் 'பிரான்சுத் தீவு' என்று பெயர் மாற்றினர். 1735-இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே, போர்ட் லூயி நகரைத் துறைமுகமாக எழுப்பப் புதுச்சேரியிலிருந்து கொத்தரையும் தச்சரையும் கொல்லரையும் தருவித்தார். அவர்கள் கூலிகள் அல்லர்; கைவினைஞர். அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட தென்னிந்தியரும் அக்காலத்தில் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. நம்மவர் அனைவரையும் பிரெஞ்சுக்காரர் 'மலபார்' என்றே அழைத்தனர். நகரின் ஒரு பகுதி மலபார் முகாம் எனப் பெயர் பெற்றது.

1810 ஆகஸ்டு மாதம் தென்கிழக்குத் துறையில் நடந்த கடற்போரில் பிரெஞ்சுக்காரர் வென்றனர். அவ்வெற்றி பாரிசு நகர வெற்றி வளைவில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அவ்வாண்டு டிசம்பரிலேயே தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. வென்ற படையில் சென்னைச் சிப்பாய்களும் இருந்தனர்.

1825-இல் மொரீசியஸ் சர்க்கரைக்கும் மேற்கிந்தியச் சர்க்கரைக்கும் இங்கிலாந்தில் ஒரே தீர்வை என்று ஆயிற்று. அன்றே காட்டின் தலைவிதி எழுதப்பட்டது. எங்கும் கரும்பு. 1835 பிப்ரவரி முதல் நாள் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது, அடிமைகளை உடையவராயிருந்தோர் ஏறத்தாழ இருபது இலட்சம் பவுன் நட்டஈடு பெற்றனர். அடிமைகளாயிருந்தோர் ஒரு காசும் பெறவில்லை. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த லெ மோர்ன் மலை தென்மேற்கு மூலையில் கடலோரம் நிமிர்ந்து நிற்கிறது. விடுதலைச் செய்தியைச் சொல்ல வந்த காவலரைக் கண்டு, பிடிக்க வந்தனர் என்று அஞ்சி, உச்சியிலிருந்து பலர் குதித்து மாண்டனர் என்பது மக்கள் வழக்கு. 2008-இல் அம்மலை உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அதன் அடிவாரத்தில் நின்று எவரும் உரக்கப் பேசவில்லை, பிள்ளைகள்கூட.

அடிமைகள் போன இடத்துக்கு ஆள் வேண்டுமல்லவா? 1834 நவம்பர் 2-ஆம் நாள் 'அட்லஸ்' என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து முப்பத்தாறு பேரை இறக்கியது. ஐந்தாண்டு ஒப்பந்தம், திங்களுக்கு ஐந்து ரூபாய், அரிசியும் பருப்பும் உப்பும். அன்று தொடங்கிய ஓட்டம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை நிற்கவில்லை. ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர் வந்தனர். கல்கத்தாவுக்கு அடுத்தபடி மிகுதியாக ஆள் ஏற்றியது நம் சென்னைத் துறைமுகம். 1861-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது தீவின் மக்களில் ஏறக்குறைய மூவரில் இருவர் இந்தியர். 'மோரிசுத் தீவுக்குப் போனவன்' என்றால் திரும்பாதவன் என்று பொருள்பட்டது. உண்மையில் திரும்பியோரும் உண்டு. ஆயினும் பெரும்பாலோர் திரும்பவில்லை.

ஒரு நாள் வேலைக்கு வராவிடில் இரண்டு நாள் கூலி பிடித்தம் என்பது தோட்டச் சட்டம். ஒப்பந்தம் முடிந்தவனும் 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிழற்படம் ஒட்டிய சீட்டைச் சுமந்தே வெளியில் நடமாட வேண்டும், இல்லையேல் சிறை. இக்கொடுமைகளை எதிர்த்து 1871-இல் அடால்ப் த பிளவிட்சு என்னும் ஐரோப்பியர் எழுதிய விண்ணப்பத்தில் 9,401 பேர் ஒப்பமிட்டனர். அவருக்குத் துணைநின்று உழைத்தவர் இராசரத்தின முதலியார் என்னும் தமிழர். அதன் விளைவாக அரச ஆணைக்குழு ஒன்று வந்து விசாரித்தது. காந்தியடிகள் 1901-இல் கப்பல் வழியில் அங்குத் தங்கியதை எடுத்துக்கூறும் வழிகாட்டிகள் இவ்விண்ணப்பத்தைச் சொல்லாமல் விடுகிறார்கள். நாம் கேட்டுத்தான் சொல்ல வைத்தோம்.

கரும்புத் தோட்டங்களினூடே செல்லும்போது சிறு குன்றுகள்போல் கருங்கற்குவியல்கள் தென்படும். எரிமலைக் கற்களால் நிறைந்த நிலம் அது. கையால் பெயர்த்துக் கூடையில் சுமந்து ஒதுக்கியவை அக்கற்கள். பழஞ்சின்னப் பட்டியலில் அவை இல்லை. அவற்றினும் பெரிய சின்னம் அத்தீவில் வேறொன்று உண்டோ என்று நமக்குத் தோன்றிற்று. அக்கற்களுக்கு முன் அங்கே நின்றது கருங்காலிக் காடு. காட்டை அழித்தது முதலாளியின் ஆணை. ஆணையை நிறைவேற்றியது நம்மவரின் கை. இதனை மறைத்துப் பெருமை மட்டும் பேசுதல் வரலாறாகாது.

இன்று அத்தீவின் இயற்கைக் காட்டில் நல்ல நிலையில் எஞ்சியது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. பெரும்பகுதி தென்மேற்கின் கருநதிப் பள்ளத்தாக்கில் உள்ளது; 1994-இல் அது தேசியப் பூங்காவாயிற்று. அங்கே நமக்குக் காட்டப்பட்டவை மூன்று பறவைகள்: வல்லூறு ஒன்று, இளஞ்சிவப்புப் புறா ஒன்று, பச்சைக்கிளி ஒன்று. மூன்றும் டோடோவின் வழியே போக இருந்தவை.

வல்லூற்றின் கதை வியப்பானது. 1867-ஐ ஒட்டி மலேரியாக் காய்ச்சல் அத்தீவில் பல்லாயிரவரைக் கொன்றது. மாண்டோரில் நம்மவர் மிகப் பலர். 1949 முதல் டி.டி.டி. மருந்து தெளித்து அந்நோயை ஒடுக்கினர். மனிதர் பிழைத்தனர். அதே மருந்து பல்லி, பூச்சிகளின் வழியே வல்லூற்றின் உடலில் ஏறி, அதன் முட்டையைக் கெடுத்தது. 1974-இல் காட்டில் எஞ்சியதாக அறியப்பட்டவை நான்கே நான்கு. உலகிலேயே அரிய பறவை என்றனர். காப்பது வீண் என்று கைவிடச் சொன்னோரும் இருந்தனர். 1979-இல் வந்த கார்ல் ஜோன்ஸ் என்னும் வேல்சு நாட்டு இளைஞர் கேட்கவில்லை. முதலில் இட்ட முட்டைகளை எடுத்து அடைகாக்கும் பொறியில் வைத்தார். தாய்ப்பறவை மீண்டும் முட்டையிட்டது. குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்த்துக் காட்டில் விட்டார். கூடு கட்டப் பெட்டிகள் அமைத்தார். இன்று வல்லூறுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. முற்றிலும் அச்சம் நீங்கவில்லை. 2014-இல் அதன் நிலை மீண்டும் கவலைக்குரியதாக வகுக்கப்பட்டது. 1990-ஐ ஒட்டிக் காட்டில் பத்து என்னுமளவுக்குக் குறைந்த இளஞ்சிவப்புப் புறாவும், அதற்கு முன்னமே அந்நிலை எய்திய கிளியும் இவ்வாறே நூற்றுக்கணக்கில் பெருகியுள்ளன.

மாஎபூர்க் கரையிலிருந்து சிறு படகில் வெண்கொக்குத் தீவுக்குச் சென்றோம். 26 ஹெக்டேர் பரப்புள்ள பவளத் திட்டு. 1965 முதல் காப்பிடம். கருங்காலிக் காடு எப்படி இருந்தது என்பதை அங்கே காணலாம். தீவுக்கே உரிய பேராமைகள் எல்லாம் கப்பல்களுக்கு உணவாகி அழிந்துபோனமையால், 2000-ஆம் ஆண்டில் அல்டாப்ராத் தீவின் ஆமைகளைக் கொண்டுவந்து விட்டனர். அவை கருங்காலிப் பழத்தைத் தின்று, விதையை வேறிடத்தில் இட, அங்கே கன்று முளைக்கிறது. பழைய வேலையைப் புதிய ஆமை கற்றுக்கொண்டுவிட்டது! நம் பிள்ளைகள் ஆமையின் கழுத்தைத் தடவியபடி அங்கிருந்து கிளம்ப மறுத்தார்கள்.

அத்தீவில் நம்மை நடத்திச் சென்ற வழிகாட்டி இளைஞர் ஒருவர். குடும்பப் பெயர் ஆறுமுகம். அதனை அவர் உச்சரித்தபோது நமக்குப் பிடிபடவில்லை. கப்பல் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது அப்படியே பரம்பரைப் பெயராகிவிட்டது. அவர் வாயில் வந்தது கிரியோல் மொழி. தமிழ் தெரியுமோ என்றோம். தெரியாது என்று நகைத்தார். பகலுணவு பற்றிப் பேச்சு வந்தபோது அவர் வீட்டில் இன்று 'ப்ரெத் மூரூம்' என்றார். என்னவென்று வினவ, மரத்தைக் காட்டினார். முருங்கை! கீரைக்குப் பிரெஞ்சு வழிச் சொல். மரத்துக்குத் தமிழ்ச் சொல். 'கரிபூலே' என்பது கறிவேப்பிலை. 'ரசோன்' என்பது இரசம். விழா நாளில் வாழையிலையில் ஏழு கறி பரிமாறுகிறார்கள். தைப்பூசத்துக்கு நாடு முழுதும் அரசு விடுமுறை. போர்ட் லூயியை அடுத்த கயிலாசம் எனப்படும் இடத்தில் சொக்கலிங்கம் மீனாட்சியம்மன் கோயில் விளங்குகிறது. நாவில் பேச்சு மறைந்தும் அடுக்களையிலும் கோயிலிலும் தமிழ் நிற்கிறது. பள்ளிகளில் முன்னோர் மொழியாக அதனைக் கற்பிக்கிறார்கள். மக்கள் கணக்கெடுப்பில் சமயம் எது என்ற வினாவுக்குத் 'தமிழ்' என்றே பலர் விடையளிக்கின்றனர்.

அந்நாட்டு ரூபாய்த் தாளில் மதிப்பு ஆங்கிலத்திலும் தமிழிலும் இந்தியிலும் அச்சிடப்பட்டிருக்கிறது. 1998-இல் வெளிவந்த புதிய தாள்களில் தமிழின் இடம் இரண்டாவதிலிருந்து மூன்றாவதாக மாறியபோது தமிழர் கொதித்தெழுந்தனர். அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. வீட்டில் தமிழ் பேசுவோர் மிகச் சிலரே ஆகிவிட்ட ஒரு நாட்டில் இது நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது. நூறு ரூபாய்த் தாளில் உள்ள உருவம் 1958-இல் மறைந்த அமைச்சர் ரெங்கநாதன் சீனிவாசனுடையது.

பாம்ப்ளமூஸ் தோட்டத்தைப் பலரும் புகழ்வர், புகழ்தகும். பியேர் புவாவ்ர் பதினெட்டாம் நூற்றாண்டில் கிராம்பும் சாதிக்காயும் கொணர்ந்து வளர்த்த தோட்டம் அது. ஆயுளில் ஒரே முறை பூத்து மடியும் குடைப்பனை அங்கே உண்டு. போர்ட் லூயி அருங்காட்சியகத்தில் உள்ள டோடோ எலும்புக்கூடு, ஒரே பறவையின் எலும்புகள் முழுதும் அமைந்த அரிய ஒன்று. தெரியூ என்னும் முடிதிருத்துவோர் தம் ஓய்வு நாட்களில் தேடிக் கண்டெடுத்தது.

அந்நகரத் துறைமுகத்தில் உள்ளது ஆப்ரவாசி கட்டம். 1849-இல் கட்டப்பட்ட குடியேறுவோர் கூடம். 2006-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. சமையற்கட்டும் மருத்துவமனையும் இடிந்தும் இடியாமலும் நிற்கின்றன. கப்பலிலிருந்து இறங்கியோர் ஏறிய கற்படிகள் இன்றும் உள்ளன. அங்கே ஓரிரு நாள் தங்கவைத்து, பெயர், தந்தை பெயர், ஊர், சாதி, உயரம், உடலின் அடையாளம் எல்லாம் எழுதி, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துத் தோட்டத்துக்கு அனுப்பினர். ஒடுக்குவதற்காக எழுதிய அவ்வேடுகளே இன்று வேர் தேடுவோருக்குச் செல்வமாயின. மோக்கா என்னும் ஊரில் மகாத்மா காந்தி நிலையத்தில் அவை காக்கப்படுகின்றன. எண் தெரிந்தால் கப்பல் தெரியும். கப்பல் தெரிந்தால் ஊர் தெரியும்.

நம்முடன் வந்த அம்மையார் ஒருவரின் பாட்டனாருக்குத் தமையன் சேலம் பக்கத்திலிருந்து 'மோரிசுக்குப் போனவர்' என்று வீட்டில் பேச்சுண்டாம். அங்கிருந்த அலுவலர் பரிவுடன் கேட்டார்: எந்த ஆண்டு? தந்தை பெயர் என்ன? எந்தக் கிராமம்? அம்மையாரிடம் இருந்தது முத்துசாமி என்ற பெயர் ஒன்றே. ஏட்டில் முத்துசாமிகள் பலர். அன்றிரவு விடுதியிலிருந்து ஊரிலுள்ள தம் பெரியத்தைக்குத் தொலைபேசியில் பேசி, கிராமத்தின் பெயரையும், குலதெய்வத்தின் பெயரையும், கொள்ளுப்பாட்டனார் பெயரையும் பெற்றுத் தம் மகளின் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஆண்டு மட்டும் அத்தைக்கும் தெரியவில்லை. மறுநாள் விமானம். அடுத்து அத்தீவுக்குப் போக எண்ணும் நம் காலனி அன்பர்கள், வீட்டுப் பெரியவர் இருக்கும்போதே இவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டு புறப்படுவாராக. அவர் குறிப்பேட்டையும் உடன் கொண்டு செல்ல அம்மையார் இசைந்திருக்கிறார்.